பிய்த்தால் ஒழிவதும் பிய்த்தால் பெருகுவதும்

எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது இன்று நேற்று வந்த தொழில் அல்ல. படகு இல்லாதவர்களுக்கும், வலை வாங்க வசதியில்லாத பெண்களுக்கும் அந்தச் சேறுதான் வயல். ஒரு பறியும் இரண்டு கைகளும்தான் கருவி. அந்த வயலில் இப்போது பல இடங்களில் கை வைத்தால் சேறு அகப்படுவதில்லை. கத்தி முனைகளைக் குத்தி நிறுத்தியதுபோல் சிறு சிறு ஓடுகள், ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி, நூலால் பின்னிய பாயாக அடித்தரையில் விரிந்து கிடக்கின்றன. வைத்த காலைக் கிழிக்கின்றன. தடவும் கையை அறுக்கின்றன. இறால் பதுங்கச் சேறில்லை. மஞ்சள் மட்டி புதைந்து வாழ மணலில்லை.

மீனவர்கள் இதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். உயிரியலார் வைத்த பெயர் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா. தென் அமெரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் சொந்தமான சிப்பி இது. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்பதற்காக ஒரு துறைமுகத்தில் தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, மறு துறைமுகத்தில் கொட்டிவிட்டுச் சரக்கை ஏற்றும். அந்தத் தண்ணீரிலோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ இது கடல் தாண்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து கரைகளில் பரவிய பின், 2019-இல் கேரளத்து உப்பங்கழிகளில் இருப்பது பதிவாயிற்று. எண்ணூரில் இதன் பெருக்கம் 2023-இல் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் சென்றது.

ராயபுரத்துக்குப் பக்கத்தில் 1881 முதல் ஒரு துறைமுகம்; எண்ணூரில் 2001 முதல் இன்னொன்று; அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்று. இத்தனை வாசல் இருக்கும் வீட்டில் அழையாத விருந்தாளி நுழைந்ததில் வியப்பில்லை. நுழைந்தது எப்படிப் பெருகுகிறது என்று கேட்காமலே அதை அள்ளி எறியக் கிளம்புவதுதான் கவலைக்குரியது.

கடற்காரர் சங்கதி நிலத்துக்காரனுக்கு எதற்கு என்று மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து விவசாயிகள் கேட்கலாம். அவர்களில் பலருக்கு அரைக் காணி நிலமும் உண்டு, கழிமுகத்துப் பிழைப்பும் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொசஸ்தலை ஆற்று மடுக்களையும் பாசன ஏரிகளையும் ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். அதுவும் வெளிநாட்டு வரவு, பிரேசில் நாட்டுக்காரி. பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியவள். கழிமுகத்து ஆழிக்கும் ஏரித் தாமரைக்கும் ஒரே வைத்தியம்தான் முன்வைக்கப்படுகிறது: இயந்திரத்தைக் கொண்டுவா, வாரிக் கரையில் போடு. இரண்டும் ஒரே விதமாகப் பெருகுபவை என்றால் ஒரே வைத்தியம் போதும். அவை அப்படியல்ல.

விதை வழியும் துண்டு வழியும்

உயிர்கள் பெருகும் வழி இரண்டு என்பதை விவசாயிக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. காளையும் பசுவும் சேர்ந்து கன்று பிறக்கிறது. மகரந்தம் சூலில் சேர்ந்து மணி பிடிக்கிறது. இது பால்வழிப் பெருக்கம். வாழையில் பக்கக்கன்று வெடிக்கிறது. கரும்பில் கரணை முளைக்கிறது. மல்லிகையில் பதியன் வேர் விடுகிறது. இங்கே ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தாயின் உடலில் ஒரு துண்டே பிள்ளையாகிறது. இது பாலிலாப் பெருக்கம்.

இரண்டிலும் லாபமுண்டு, நஷ்டமுண்டு. விதை வழியில் பிறக்கும் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்றிராது. நூறு பிள்ளைகளில் பத்து வறட்சி தாங்கும், ஐந்து நோய் தாங்கும். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் செய்த காரியமே இதுதான். கரணை நட்டு நட்டு ஒரே அச்சில் வந்துகொண்டிருந்த பயிரைப் பூக்கவைத்து, கனத்த கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து, 1918-இல் கோ 205 என்ற ரகத்தைக் கொடுத்தது. புதுக் குணம் வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் வேண்டும்.

துண்டு வழியில் புதுமை கிடையாது, வேகம் உண்டு. துணை தேட வேண்டாம். ஓர் உயிர் போதும், ஒரு குடும்பம் எழும்பும். ஆனால் தாயின் குணம் எதுவோ அதுவேதான் பிள்ளைக்கும், தாயின் நோயும் சேர்த்து. பழனி மலைச்சரிவுகளில் விருப்பாட்சி வாழைக்கு நேர்ந்ததைப் பழைய விவசாயிகள் அறிவார்கள். முடிக்கொத்து நோய் கண்ட மரத்தின் கன்றைத் தோட்டத்துக்குத் தோட்டம் எடுத்துச் சென்று நட்டதில், நோயும் கூடவே நடந்து போயிற்று. அசுவினி பரப்பியது பாதி என்றால் மனிதன் பரப்பியது மீதி.

ஆழிக்குக் கூட்டம் வேண்டும்

காக்கா ஆழி முதல் வகையைச் சேர்ந்தது. அதில் ஆண் வேறு, பெண் வேறு. உணவு குறைந்தால் ஆண்களின் பங்கு மிகுந்துவிடுவதையும், சில சிப்பிகள் பால் மாறிக்கொள்வதையும் ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டிருக்கிறார்கள். அரை அங்குலம் வளர்ந்ததுமே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் உப்புக் குறைந்தாலும் தாங்கும், கோடையில் உப்பு ஏறினாலும் தாங்கும். எண்ணூர் போன்ற கழிமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குடியானவன் கிடைக்கமாட்டான்.

ஆனால் இதன் கலவி உடலுக்குள் நடப்பதில்லை. பெண் சிப்பி முட்டைகளைத் தண்ணீரில் விடும். ஆண் சிப்பி விந்தைத் தண்ணீரில் விடும். இரண்டும் ஓட்டத்தில் சந்தித்தால்தான் கரு. கருவிலிருந்து வரும் இளவுயிர், கால் மில்லிமீட்டர்கூட இல்லாதது, சில வாரங்கள் நீரில் மிதந்து அலையும். பிறகு ஒரு கல்லிலோ கம்பத்திலோ, கூடப் பிறந்தவர்களின் முதுகிலோ நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரில் சந்திப்பது என்பது லேசான காரியமல்ல. மக்காச்சோளத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். ஏக்கர் நிறைய நிற்கும் சோளத்தில் கதிர் நுனிவரை மணி பிடிக்கிறது. வீட்டுக் கொல்லையில் தனியாக முளைத்த ஒற்றைச் செடியின் கதிரை உரித்தால், பல்லிழந்த வாய்போல் அங்கொன்றும் இங்கொன்றும்தான் மணி. செடிக்குச் சத்துக் குறைவு என்று எரு வைத்துப் பயனில்லை. பட்டு நூலில் விழ வேண்டிய மகரந்தம் காற்றோடு போய்விட்டது, அவ்வளவுதான். கடலிலும் இதே கணக்கு. கடல் முள்ளெலி என்ற உயிரை வைத்து நடந்த சோதனைகளில், ஆணும் பெண்ணும் சில மீட்டர் விலகிப் போனாலே கருவுறும் முட்டைகள் வெகுவாகக் குறைந்துவிடுவதைக் கண்டார்கள். விந்து தண்ணீரில் கரைந்து வலுவிழந்துவிடுகிறது.

ஆகவே காக்கா ஆழியின் பலம் அதன் கூட்டம். பாய்போல் நெருங்கிக் கிடப்பதால்தான் ஒவ்வொரு முறையும் முட்டை கருவாகிறது. கடைசிச் சிப்பி வரை பொறுக்கி எடுப்பது யாராலும் ஆகாது. எடுக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. நெருக்கத்தைக் கலைத்து, மிஞ்சியவை எட்ட எட்ட நிற்கும்படி செய்தாலே அடுத்த தலைமுறையின் பெரும்பகுதி கருவாகாமல் போகும். இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி என்னவென்றால், மஞ்சள் மட்டியும் இதே சாதி வழக்கம் உடையது. அதுவும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். அதற்கும் கூட்டம் வேண்டும். ஆழி படர்ந்து மட்டியின் படுகையைத் துண்டாடிவிட்டது. ஆலைக் கழிவும், நிலக்கரிச் சாம்பலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்து கழிமுகமெங்கும் படிந்த எண்ணெயும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டி உயிரோடிருப்பதைக் காட்டி, 'இருக்கிறதே, தானாகப் பெருகிவிடும்' என்று சொல்லுகிறவர்கள் ஒற்றைச் சோளச்செடியைப் பார்த்து விளைச்சல் கணக்குப் போடுகிறவர்கள். உயிரோடிருப்பது வேறு, பெருகும் அளவுக்கு நெருங்கியிருப்பது வேறு.

இறாலின் கதை கொஞ்சம் வேறு. வெள்ளை இறாலும் வரி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள்தான் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, கழிமுகத்துச் சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. தாய் கடலில் இருக்கும் வரை விதைக்குக் குறைவில்லை. வந்திறங்கும் நாற்றுக்கு நிலமில்லாததுதான் குறை. ஆழிப் பாயை எடுத்துச் சேற்றை மீட்டால் இறால் விரைவில் திரும்பக்கூடும். மட்டி அப்படித் திரும்பாது. அதற்குத் தாய்ப்படுகை வேண்டும்.

தாய்ப்படுகை என்பது வெறும் யோசனை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாக் கழிகளில் 1987-இல் வந்த செந்நிறப் பாசிப் பெருக்கம் விசிறிச் சிப்பிகளைக் கொன்றது. பாசி போன பிறகும் பல ஆண்டுகள் சிப்பி பழையபடி வரவில்லை. தண்ணீர் நன்றாயிருந்தும் பிறக்கக் குஞ்சில்லை. 1990-களில் வேறிடத்துப் பெரிய சிப்பிகளைக் கொண்டுவந்து நெருக்கமாக விட்டுப் பார்த்தபோதுதான் அங்கே குஞ்சு பிடித்தது. எண்ணூரில் இதைச் செய்ய எட்டாத தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

அள்ளுவதில் இரண்டு தவறுகள்

அள்ளும் வேலையைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ஆழியை உடைத்தால் துண்டு முளைக்காது. உடைந்த சிப்பி செத்த சிப்பிதான். ஆனால் உடையாத கொத்து பிய்ந்து ஓட்டத்தில் போனால், போன இடத்தில் புது நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும். பக்கிங்காம் கால்வாய் எண்ணூரையும் பழவேற்காட்டு ஏரியையும் இணைக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வாரிய ஆழியை நீர் ஓரத்திலேயே குவித்து வைப்பது அதைவிட மோசம். சிப்பி இனங்கள் அதிர்ச்சி பட்டால், வெயில் சுட்டால், கையிருப்பு முட்டையையும் விந்தையும் மொத்தமாக வெளியேற்றிவிடும் வழக்கமுடையவை. சிப்பி வளர்ப்பவர்கள் குஞ்சு பொரிக்க வைக்கும் தந்திரமே அதுதான். கரையோரக் குவியலில் அலை ஏறி இறங்கினால், பணம் கொடுத்து விதைத்த கதையாகும். எடுத்ததை அலை தொடாத மேட்டுக்கு ஏற்றி, காயும்வரை அங்கேயே போட்டு வைக்க வேண்டும். எந்த மாதங்களில் முட்டை முற்றுகிறது என்பதைச் சிப்பியை அறுத்துப் பார்த்தே அறியலாம். அதற்கு முன் அள்ளுவது பாதி வேலையை மிச்சம் பிடிக்கும்.

கூலிக் கணக்கும் முக்கியம். டன்னுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் விட்டால், ஒப்பந்தக்காரர் திட்டாகக் கனத்திருக்கும் இடத்தில் அள்ளி எடை காட்டிவிட்டுப் போவார். மெல்லிய ஓரங்களும் பாலத்துக் கால்களும் படகுத் துறைக் கம்பங்களும் தாய்க்கூட்டமாக நிற்கும். இத்தனை பரப்பு சுத்தம், மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் சுத்தம் என்று கணக்கிட்டால்தான் உருப்படும். துறைமுகச் சுவர்களையும் தூண்களையும் தொடாமல் கழிமுகத்தை மட்டும் சுரண்டுவது, வரப்பில் விதை முற்றிய பார்த்தீனியத்தை விட்டுவிட்டு வயலில் களை எடுப்பதற்குச் சமம்.

இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கழிநீரை வலைப்பை கட்டி இறைத்தால் மீன்குஞ்சும் நண்டும் நிற்கும்; ஆழியின் இளவுயிர் நிற்காது, கண்ணி வழியே நழுவிவிடும். நீரைத் தேக்கக் குட்டையில் நிறுத்தி, குளோரின் இட்டு, அது ஆறிய பிறகு விடுவதே வழி. உயிருள்ள ஆழியை வாத்துக்கும் நண்டுக்கும் தீனியாக வேறு கழிகளுக்கு எடுத்துப் போகவே கூடாது. சுண்ணாம்புக்கோ கோழித் தீவனத்துக்கோ ஓடு வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்ததையே எடுக்க வேண்டும்.

ஏரியில் நேர்மாறு

இனி ஏரிக்கு வரலாம். ஆகாயத்தாமரைக்குக் கூட்டம் வேண்டாம், துணை வேண்டாம். ஒரு செடி பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டு, அதன் நுனியில் மகளை வைக்கும். மகள் வேர் பிடித்ததும் அதுவும் ஓடுதண்டு விடும். வெயிலும் சாக்கடைச் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பரப்பு இரட்டிக்கும். உலகின் பல நாடுகளிலிருந்து செடி எடுத்து மரபணுவைச் சோதித்தபோது, பெரும்பாலானவை ஒரே தாயின் நகல்கள் என்று தெரிந்தது. மீஞ்சூர் ஏரிச் செடியும் ஆப்பிரிக்க ஏரிச் செடியும் கூடப் பிறந்தவை என்றால் மிகையில்லை.

இந்தச் செடியை இயந்திரத்தால் நறுக்கித் தள்ளினால் என்ன ஆகும்? ஓடுதண்டு அறுந்து, தாயும் மகளும் தனித்தனியே ஓட்டத்தில் போய்த் தனித்தனிக் குடும்பம் நடத்தும். ஆழியில் கூட்டத்தைக் கலைத்தால் பெருக்கம் குறைகிறது. தாமரையில் கூட்டத்தைக் கலைத்தால் பெருக்கம் கூடுகிறது. ஏரியில் பாதியை வாரி எடுத்துவிட்டுப் பணம் தீர்ந்ததென்று நிறுத்துவது, நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்த மீதிப் பாதிக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகும். எடுத்தால் கலங்கலிலிருந்து மதகு வரை ஒரே மூச்சில், முழுச் செடியாக, வேரோடு எடுக்க வேண்டும். மூங்கில் கட்டிய கயிற்றால் ஒரு பக்கமாக ஒதுக்கி எடுப்பது நறுக்குவதைவிட மேல். கரையின் உட்சரிவில் போட்டால் அடுத்த மழையில் திரும்பி இறங்கிவிடும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தாமரை விதையும் விடும். அந்த விதை ஏரி வண்டலில் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்கும். ஏரி வற்றி மீண்டும் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறும் சமயத்தில் கரையோரச் சேற்றில் முளைக்கும். முழுதாக வாரிய ஏரியில் அடுத்த ஆண்டு செடி தலைகாட்டினால் வேலை வீணாயிற்று என்று கைவிடக் கூடாது. நாற்றாக இருக்கும்போது ஆயக்கட்டுக்காரர்கள் நாலு பேர் ஒரு பகல் கை வைத்தால் தீர்ந்துபோகும்.

வயலில் கோரைக்கும் இதே பாடம். கோரையின் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும்; நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை தூங்கும். ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் சங்கிலி அறுந்து, தூங்கியதெல்லாம் விழித்துக்கொள்ளும். வாடகை கொடுத்துக் கோரை நட்டவர்கள் பலர். கோடையில் ஆழ உழுது, கிழங்கைப் புரட்டி வெயிலில் உலரவிட்டால் அது சாகும். பிறகு நிழல் அடர்த்தியாக விழும் பயிரை வைத்தால் மீதியும் சோம்பும். பார்த்தீனியத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது முழுக்க விதையால் பிழைப்பது; பூக்குமுன் வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது.

ஆணே இல்லாத பூச்சி

துண்டு வழி என்பது செடிகளுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். கடல் கடந்து வந்த பூச்சி ஒன்று சேலம், நாமக்கல் மரவள்ளிக்காரர்களைப் படுத்திய பாட்டை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் முதலில் கண்ட மரவள்ளி மாவுப்பூச்சியில் எல்லாம் பெண்ணே. ஆணின்றியே முட்டையிட்டுப் பெண்ணையே பெறும். ஒரு கரணைக் கட்டில் ஒரே ஒரு பூச்சி ஒட்டி வந்தால் போதும், ஒரு மாவட்டத்துக்கு விதை வந்ததாகக் கணக்கு. காக்கா ஆழி ஒன்றே ஒன்று வந்திருந்தால் தனியாகச் செத்திருக்கும். அது கூட்டமாக வந்துதான் பிழைத்தது. இதற்கு அந்த நிபந்தனைகூட இல்லை. மரவள்ளியும் கரணையால் ஒரே அச்சு, பூச்சியும் ஒரே அச்சு என்றால் சண்டை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரே அச்சாக இருப்பதில் எதிரிக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒன்றைக் கொல்லும் ஆயுதம் எல்லாவற்றையும் கொல்லக்கூடும். தப்பிக்க வேறு குணமுடைய பிள்ளை இல்லை. துண்டு வழியில் பெருகும் களைகளை அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டு அடக்குவது, விதை வழிக் களைகளை அடக்குவதைவிட அதிகமாக வெற்றி பெற்றிருக்கிறது என்று 1981-இல் பர்டன், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. இருந்தாலும் அனுபவம் அந்தப் பக்கம் சாய்வதாகவே தோன்றுகிறது. கேரளத்து வயல்களையும் தோடுகளையும் மூடிய சால்வினியா பாசிக்கு வித்துப் பிடிப்பதே இல்லை. முழுக்கத் துண்டால் வாழ்வது. 1980-களில் கொண்டுவந்துவிட்ட சின்னஞ்சிறு கூன்வண்டு அதை அடக்கியது. ஆகாயத்தாமரைக்கும் அதே காலத்தில் பெங்களூரில் கூன்வண்டுகளை விட்டார்கள்; பல ஏரிகளில் பலித்தது, பல ஏரிகளில் வண்டு தின்னும் வேகத்தைவிடச் சாக்கடை ஊட்டும் வேகம் அதிகமாயிற்று. மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவை அலைக்கழித்தபோது, தென் அமெரிக்காவில் தேடிப்பிடித்த அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை 1981 முதல் அங்கே விட்டு வெற்றி கண்டார்கள். அந்தக் குளவியைத்தான் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விவசாயிகளிடம் கொடுத்தார்கள். குளவி விட்ட தோட்டத்தில் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான் என்பதைச் சிலர் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள்.

காக்கா ஆழிக்கு இப்படி ஓர் எதிரியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமே என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. சிப்பியைத் தின்னும் நத்தைக்கும் நண்டுக்கும் காக்கா ஆழி எது, பச்சை ஆழி எது, மஞ்சள் மட்டி எது என்ற வித்தியாசம் தெரியாது. அதோடு அது பால்வழியில் பெருகுவது; பிள்ளைகள் பல குணம்; எதையும் தாங்கும் சில எப்போதும் மிஞ்சும். இதற்குக் கைவேலைதான் வைத்தியம், அதுவும் ஆண்டுதோறும்.

அந்தக் கைவேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கழிமுகத்தில் மஞ்சள் மட்டி இன்னும் நெருங்கிக் கிடக்கும் திட்டுகள் எவை, ஆழி எந்த ஓரத்தில் புதிதாகப் பிடிக்கிறது என்பதெல்லாம் சேற்றைத் தடவிப் பிழைப்பவர்களுக்குக் காலாலேயே தெரியும், வரைபடத்தில் தெரியாது. இயந்திரம் தண்ணீரில் இறங்குமுன் அவர்களை நாள்கூலிக்கு அமர்த்தி, மட்டித் திட்டுகளைச் சுற்றிக் கழி நட்டு அடையாளம் வைக்கச் சொல்ல வேண்டும். அந்த வளைவுக்குள் இயந்திரம் போகக்கூடாது. அங்கே படர்ந்த ஆழியை அவர்கள் கையால் எடுக்கட்டும். கையுறையும் கனத்த ரப்பர் செருப்பும் ஒப்பந்தச் செலவிலேயே சேரட்டும். எட்டத்தில் சிதறிக் கிடக்கும் மட்டிகளையும் அவர்களே பொறுக்கிவந்து அந்த வளைவுக்குள் நெருக்கமாக விடலாம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வருவதற்கு முன்னால், தண்ணீர் தெளிந்திருக்கும் ஆடி, ஆவணி மாதங்கள் அதற்குத் தோதானவை.